தாராவி வீட்டில் இறுகிப்போன சாக்லேட் பாகு

என் அன்பான மைனி,

நீங்கள் கர்த்தரிடம் போய் ஒரு கிறிஸ்துமஸும் கழிந்துவிட்டது. முந்திரிக்கொத்து சுட்டேன், உங்கள் பங்கையும் நானே தின்றேன். வேறு யாருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

இன்று எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் மகள் கிரேஸைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து, அறுபதுகளில் என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்முன் நிற்கிறது.

அம்பர்நாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செம்பூரில் ஒரு சிநேகிதர் வீட்டை அரை நாளைக்குக் கேட்டு வைத்துவிட்டார். "தாராவிச் சந்துக்குள்ள வந்து, சாக்கடையைத் தாண்டி, இந்த ஒத்த ரூமைப் பாத்தா பொண்ணைக் கேப்பாவளா?" என்றார்.

நீங்கள் அரிசி களைந்துகொண்டே சொன்னீர்கள்: "பொண்ணு வளந்தது இங்கனதான? நாளைக்கு மறுவீட்டுக்கு எங்க வருவாவ? இங்கயே வரட்டும்." அண்ணன் அன்றைக்கே செம்பூருக்குப் போய், வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதோடு விட்டீர்களா? கேசரியும் பஜ்ஜியும் ஊரே கொடுப்பது, நாம் கஸ்டர்டின் மேல் சாக்லேட் சாஸ் ஊற்றித் தருவோம் என்று கிளம்பிவிட்டீர்கள். கிங்ஸ் சர்க்கிளில் ஐஸ்கிரீம் கடையில் ஒரே ஒரு தடவை ருசி பார்த்ததுதான். "என்ன பெரிய மாயம்? கொக்கோப் பொடி போட்ட பாகுதானட்டி!" என்றீர்கள். ரேஷனில் வாங்கிய சீனி முழுவதும் சட்டிக்குள் போயிற்று.

முந்திரிக்கொத்துக்குப் பாகு வைத்துப் பழகிய கை. கொக்கோவும் சீனியும் கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டைத் தட்டுத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தீர்கள். உருண்டு வந்த பிறகுதான் இறக்கினீர்கள். உருண்டால் மிட்டாய்க்கு ஆகும். ஊற்றுகிற சாஸுக்கு ஆகுமா? மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரத்தில், சட்டிக்குள் கரண்டி நட்டு வைத்தது போல நின்றது.

ஒற்றை அறையில் எதை மறைப்பது? அடுப்படியும் அதுதான், வரவேற்பறையும் அதுதான். மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா அது?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நீங்கள் நிமிர்ந்து, "சாக்லேட் சாஸுங்க. பதம் தவறி இறுகிட்டு. செத்த இருங்க, சரியாக்கிருதேன்" என்றீர்கள். பம்ப் ஸ்டவ்வை அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வெண்ணெயும் ஒரு கல் உப்பும் போட்டுக் கிண்டினீர்கள். அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ முக்காலியை ஸ்டவ் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "புதுசா கல்யாணமானப்ப நானும் அல்வாவைக் கல்லாக்கியிருக்கேன். மாமியாருக்குத் தெரியாம பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்" என்று சிரித்தார்.

இறுகியது இளகி, பளபளவென்று கரண்டியிலிருந்து வழிந்தது. மஞ்சள் கஸ்டர்டின் மேல் நீங்கள் அதை ஊற்றிய அழகு இருக்கிறதே! கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு அந்த அம்மா அண்ணனிடம் சொன்னார்: "கெட்டுப்போனதைக்கூட மறைக்காம சொல்லுதாவ. எனக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்." உங்களை நினைத்து அன்று எனக்கு அவ்வளவு பெருமை. இன்றும் அப்படித்தான், மைனி.

கிரேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் பழையபடி ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டாரை அம்பர்நாத்தில் என் வீட்டுக்கே வரச் சொல்லலாமாம். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மகள், "அப்பா, அத்தை வீட்டைக் காட்டி என்னைக் கட்டிக் குடுக்காதீங்க. நம்ம வீடு பிடிக்கலேன்னா ஜானே தோ, போனா போகட்டும்" என்றாள். இதெல்லாம் அவளுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள்? அண்ணன் கோபப்படவில்லை. எழுந்து போய், வாசல் சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தாராவிக்கு வந்துவிடுவேன். சந்து முனையில் நானே போய் நின்று அவர்களை அழைத்து வருவேன். "இது எங்க மைனி வீடு, உள்ள வாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவேன். இது என் வாக்கு.

அந்த வீட்டிலிருந்து வாழப்போன உங்கள் நாத்தனார்,
எஸ்தர்