டார்ப்லியை நாங்கள் அடக்கம் செய்த விதம்

மேக்கன், ஜார்ஜியா
1911 அக்டோபர் 11

கர்த்தருக்குள் அன்பான மகள் ஒடெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சிகாகோ குளிர் உன் நெஞ்சில் இறங்கக் கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவோடு செங்கல் சூளையில் வேலை பார்த்த பிரதர் டார்ப்லி போன வாரம் செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். அடக்கத்தில் நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ பயந்துவிடக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன்.

அப்பா தலைவராக இருக்கிற, கறுப்பர்களான நம் ஆட்களின் விளக்குச் சங்கத்தின் மேல் வெள்ளைக்காரர்களின் விளக்குச் சங்கம் வழக்குப் போட்டது உனக்குத் தெரியும். அவர்கள் நம்மைச் சேர்க்கவும் மாட்டார்கள், நாமே தனியாக வைத்துக்கொண்டால் பெயரைத் திருடிவிட்டோம் என்பார்கள். ஆகஸ்டில் நீதிபதி தடை போட்டுவிட்டார், சங்கச் சின்னத்தைச் சட்டையில் குத்தக் கூடாது, தோளில் ஊதாப் பட்டை போடக் கூடாது, மீறினால் ஜெயில். டார்ப்லியோ சங்கச் சடங்கோடுதான் தன்னை மண்ணில் வைக்க வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவர் மனைவி ஹெஸ்டர் வந்து, "இருபது வருஷம் சங்கத்துல செத்தவங்க எல்லாரையும் தூக்கிட்டுப் போனாரே, அவரை மட்டும் சும்மா குழியில தள்ளிருவீங்களா தலைவரே?" என்று கேட்டாள். அப்பா ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன் என்று பட்டையை எடுத்துவரச் சொன்னார்.

நான் கோர்ட் தாளை எடுத்துவந்தேன். எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லித்தரவில்லை, அதனால் எதையும் விரல் வைத்துத்தான் படிப்பேன். தடை போட்டிருப்பது பதினொரு பெயருக்கு, பதினொன்றும் ஆண்கள். "இதுல பொம்பளைங்க நாங்க யாரும் இல்லையேங்க, பட்டையும் போட்டு வாசகமும் நாங்களே சொல்லிடறோம்" என்றேன். சடங்கு வாசகம் ரகசியம், பெண்கள் காதில் விழவே கூடாது என்று அப்பா கோபித்தார். "பன்னெண்டு வருஷமா அடுப்படியில உக்காந்துதானே மனப்பாடம் பண்ணீங்க, நம்ம சோளரொட்டிக்கே தெரியுமே அந்த ரகசியம்" என்றேன். ஹெஸ்டர் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை ஒன்பது பெண்கள் பட்டை போட்டுக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தோம், ஆண்கள் வெறுந்தோளோடு பின்னால் வந்தார்கள். கல்லறை வாசலில் ஷெரிப்பின் ஆள் அதே கோர்ட் தாளோடு நின்றான். எங்களைப் பார்த்தான், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உங்கள் ஆண்கள் எங்கே என்றான். சிஸ்டர் பெர்னீஸ், "பின்னாடி அழுதுகிட்டு வர்றாங்க ஐயா, அதுக்கும் தடை இருக்குங்களா?" என்றாள். வழி விட்டான். அவன் தாளில் டார்ப்லியின் பெயர் நாலாவது, அவர் மார்பில் சின்னம் குத்தித்தான் இருந்தது, பெட்டி மூடியிருந்ததால் தப்பித்தோம். குழிக்குப் பக்கத்தில் நின்று சடங்கு வாசகத்தை முழுவதும் சொன்னேன். திரும்பும்போது அப்பா, "மூணாவது பகுதியில ஒரு வரியை விட்டுட்டே" என்றார். அவர் எப்போதும் விடுகிற வரிதான் அது.

நேற்று நம் வக்கீல் வந்தார். எங்கள் பெயர்களையும் தடையில் சேர்க்கும்படி வெள்ளைக்காரச் சங்கத்தார் மனுப் போட்டிருக்கிறார்களாம். அறியாமல் செய்துவிட்டோம் என்று ஒன்பது பேரும் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். அப்பா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியத்துக்கு விரோதமாக நான் எப்படி எழுதுவேன் ஒடெஸ்ஸா? அறிந்துதான் செய்தோம் என்று எழுதி முதல் கையெழுத்து நான் போட்டேன், மற்ற எட்டுப் பேரும் வரிசையாகப் போட்டார்கள்.

நீ பதறிக்கொண்டு ரயில் ஏறாதே, வேலையை விடாதே. கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் தேவன் காப்பாராக.

உன் அம்மா,
தடைத்தாளில் பன்னிரண்டாவதாக வரப்போகும்
லவீனியா ப்ளாக்ஷியர்