நாலே கால் மணி நேரம்

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நான் வராததை வைத்து உங்கள் மாப்பிள்ளை பேசியதை அக்கா சொன்னாள். "பிளைட்டுல நாலே கால் மணி நேரம்தான். மனசு இருந்தா வந்திருப்பான்." செல்போனில் தூரம் பார்த்தாராம்! இங்கே ஏர்போர்ட்டில் தினமும் அதே விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு அவர் நேரம் சொல்லித் தருகிறாரா? என் பாஸ்போர்ட் மேனேஜரின் டிராயரில் கிடக்கிறது. லீவு கேட்டதற்கு, "உங்க ஊர் பிளைட்டுக்கே ஆள் பத்தல, நீ போனா யாரு ஏத்துறது?" என்கிறான். உள்ளே ஏறிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, தினமும் இறங்கி வந்து நானே கதவைச் சாத்துகிறேன்.

வேன் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். பார்வை தெளிந்ததும் சாயங்காலம் நாலு மணிக்கு மாடிக்குக் கூட்டிப்போய், நான் பெட்டி ஏற்றி அனுப்பிய விமானம் மேலே போவது தெரிகிறதா என்று கேளுங்கள். உங்கள் மாப்பிள்ளையும் பார்க்கட்டும்.