சுலுயாவின் மஞ்சள் கை

ஹோனியாரா
சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போர்க்காலக் குண்டுகளை அகற்றும் எங்கள் குழு, போன வாரம் பள்ளித் தோட்டத்தில் ஒன்றைத் தோண்டியெடுத்தது. பயப்படாதீர்கள், வெடிக்கவில்லை. மேலே டி.என்.டி. என்று எழுதியிருந்தது.

"படிச்ச பொண்ணே, அப்படின்னா என்ன?" என்றார் எங்கள் தலைவர் மைலாசி.

"ட்ரைநைட்ரோடொலுவீன்" என்றேன், தரையைப் பார்த்தபடி. டொலுவீன் என்ற பெயர் டோலு என்ற ஊரின் மரப்பிசினிலிருந்து வந்தது, அந்தப் பிசின் இருமல் மருந்து, டி.என்.டி.யை முதலில் மஞ்சள் சாயமாகத்தான் செய்தார்கள் என்றும் சொன்னேன்.

"இருமலுக்குக் குடிச்சுப் பாக்கறியா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாயந்தான்மா. மீனுக்கு வெடி போட என் தம்பி குண்டைச் சுரண்டுனான். கையில ஒட்டுன மஞ்சள் அவனைப் புதைக்கும்போதும் போகல."

அம்மா, தம்பி சுலுயாவின் கை மஞ்சளாகிவிட்டது, காமாலை மருந்து அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அவன் கண்ணைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அது காமாலை இல்லை. அவனை அடுப்பருகே விடாதீர்கள். அவன் ஒளித்து வைத்திருக்கும் எதையும் தொடாதீர்கள். புதன்கிழமைக் கப்பலில் மைலாசியும் நானும் வருகிறோம். திட்ட வரவில்லை என்று சொல்லுங்கள்.

எனக்குக் கொஞ்சம் மரவள்ளி சுட்டு வையுங்கள். இங்கே தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல் கிளம்புகிறது. புதன் வரை அவனைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் மீன் இல்லாவிட்டால் பரவாயில்லை.

உங்கள் மகள்,
எல்சி