கியர் போடும் கை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை. போனில் பேசினால் நீங்கள் அழ, நான் அழ, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் தம்பி நினைவிழந்து விழுந்த நாளிலிருந்து ரொட்டி வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். பேக்கரி முதலாளியம்மா முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது தட்டுகளை ஏற்றிவிட்டுக் கதவை அவரே சாத்திவிடுகிறார். இதை விட்டால் கடைகளுக்கு ரொட்டி போடும் ரவுண்டு வேறு வண்டிக்குப் போய்விடும். அந்தப் பயம் இல்லையென்றால் உங்களை அந்த ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் தனியாக விட்டுவிட்டு நான் இங்கே இருப்பேனா? நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். என் மனம்தான் அப்படி நினைக்கிறது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா. உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பதிலாக அவர்தான் இல்லாத பிரேக்கை மிதிப்பார். முன்னால் ஓட்ட நன்றாகவே வருகிறது. பின்னால் எடுக்கத்தான் வரவில்லை. நம் சந்தில் வண்டி திரும்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் உள்ளே வர வேண்டும். அதனால் வண்டி சந்து முனையிலேயே நிற்கிறது. அன்று உங்கள் தம்பி ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்த அதே இடத்தில்.

இனி எழுதப்போவதைச் சிரிக்காமல் படியுங்கள். நம் வண்டிக்குக் கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டின் இடது பக்கம் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது தளர்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது. ஓட்டும்போது கடகடவென்று குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி சத்தம். பழைய வண்டி, தேய்மானம் என்றுதான் விட்டேன். போன வாரம் மத்தியானம் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பின்னால் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கியர் தானாக அசைகிறது. கீழே இறங்கியது. பிறகு மேலே ஏறியது. சித்தப்பாவிடம் சொன்னேன். "தேஞ்சுபோன கியர் கீழே விழும்மா, மேலே எப்படி ஏறும்? வெயில்ல உனக்குத்தான் ஏதோ கழண்டிருக்கு" என்று சிரித்தார். மறுநாளும் அதே வேளைக்குப் பார்த்தேன். ஏறியது.

உங்கள் தம்பியின் இடது கை மட்டும் மத்தியானத்தில் போர்வைமேல் அசைகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தக் கை எந்தப் பக்கம், எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். நர்ஸ் அதைத் துணியால் கட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
உங்கள் தம்பி மனைவி.

*

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ராத்திரி தூங்கு, தண்ணீர் நிறையக் குடி என்று முதல் பக்கம் முழுவதும் திட்டியிருந்தீர்கள். அப்பாடா, அக்கா பழையபடி இருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது பக்கத்தைப் படித்ததும் கடிதத்தோடு வண்டிக்கு ஓடினேன்.

கை முதலில் மார்புப் பக்கம் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது, பிறகு தள்ளிப்போய் மேலே, அப்படியே நேர் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை அக்கா, உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நம் வண்டியில் முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது அப்படித்தான் போட வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா கிடந்து, மறுபடி ஒருதரம் மேலே போய்வருகிறது என்கிறீர்களே, அது தண்ணீர்த் தொட்டி மேடு. அங்கே மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால்தான் வண்டி ஏறும். கடைசியில் கை மார்புப் பக்கம் வந்து, மேலே போகப் பார்த்துப் பாதியில் நடுங்கி நின்றுவிடுகிறது, பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. தன் பக்கம் இழுத்து மேலே தள்ளினால் ரிவர்ஸ்.

அவர் பேக்கரியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். தினமும் வருகிறார். சந்து முனைவரை வந்து, உள்ளே வர முடியாமல் திரும்பிப் போகிறார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் சொன்னால் என்னையும் அங்கே பக்கத்துக் கட்டிலில் சேர்த்துவிடுவார்.

ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. இன்று மேட்டில் ஏறும்போது கியர் நழுவி, வண்டி பின்னால் உருண்டது. குழாயடியில் பெண்கள் குடம் குடமாக நின்றிருந்தார்கள். குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிரேக் பிடித்ததால் தப்பித்தோம். ஒரு குடம் நசுங்கியது, வேறொன்றுமில்லை. சித்தப்பாவுக்குச் சேதி போய், பட்டறையிலிருந்து நேராக வந்தார். சிரிக்கவில்லை. "இத இப்படியே ஓட்டினா நீ யாரையாவது கொன்னுடுவ. நாளைக்குக் கியரைக் கழட்டிச் சரி பண்ணிடறேன்" என்றார். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வேன்? தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆட்டம் நின்றால் அவர் வருவதும் நின்றுவிடுமோ என்றுதான் பயம். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் வேலை நடந்திருக்கும். காலையில் போன் செய்து, அவர் பக்கத்தை விட்டு நகராதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஏன் என்று அப்போது சொல்லமாட்டேன். காரணம் இதுதான்.

அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி.

*

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அவரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றதும் நீங்கள் கோபமாகப் போனை வைத்துவிட்டீர்கள். கோபம் நியாயம்தான். இருந்தாலும் நடந்ததை வரிசையாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன கடிதம் எழுதிய மறுநாள் காலை சித்தப்பா கியரைக் கழற்றினார். தண்டின்மேல் ஒரு வளையம், அதில் கியரைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்னப் பின். அந்தப் பின் தேய்ந்து ஊசியாகிவிட்டது. அது நிற்கும் ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தது. கீழே கம்பிகள் சேரும் இடத்தில் இருந்த புஷ் என்கிற ரப்பர் வளையங்கள் எல்லாம் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தன. "இது இத்தனை நாள் ஓடினதே அதிசயம்" என்றார். கியரை மேஜைமேல் வைத்துவிட்டு, புதுப் பின் கடைந்து வாங்கக் கடைசல்காரரிடம் போனார். நான் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வெறும் இரும்புதான், அக்கா, நிழலில் கிடந்த இரும்பு. உள்ளங்கை மாதிரி சூடாக இருந்தது.

அப்போதுதான் பட்டறைக்கு உங்கள் போன் வந்தது. இடது கை விரல்கள் விறைத்துவிட்டன, மூச்சு திணறுகிறது, டாக்டர்கள் ஓடுகிறார்கள் என்றீர்கள். நான் கியரை எடுத்துக்கொண்டு கடைசல்காரர் கடைக்கு ஓடினேன். பழைய பின்னையே மாட்டுங்கள், இப்போதே மாட்டுங்கள் என்று கத்தினேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். கடைசல்காரரை அவசரப்படுத்தி, சூடாறாத புதுப் பின்னோடு பட்டறைக்கு வந்தார். ஓட்டைக்குள் பித்தளைக் குழல் இறக்கி, பின்னை அடித்து, கீழே புதுப் புஷ்கள் போட்டு, கிரீஸ் தடவி முறுக்கினார். அவர் வியர்வை என் கைமேல் சொட்டியது. கியர் கல் மாதிரி நின்றது. மயிரிழைகூட ஆட்டமில்லை. பட்டறை போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். மூச்சு சீராகிவிட்டது என்றீர்கள்.

மத்தியானம் வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வழக்கம்போல் சந்து முனையில் நிறுத்தினேன். நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்தபடி, கையைக் கியர்மேல் சும்மா வைத்திருந்தேன். கியர் தானாக என் பக்கம் வந்தது. ஆட்டத்தில் வரவில்லை, அழுத்தமாக வந்தது, தெரிந்த கை இழுக்கிற மாதிரி. மேலே போகும்போது பாதியில் நடுங்கி நின்றது. நானும் சேர்ந்து தள்ளினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ரிவர்ஸ் விழுந்தது.

எனக்கு ரிவர்ஸ் வராது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். வண்டி நேராக, சுவரில் உரசாமல், நம் வாசல்வரை போய் நின்றது. எதிர்வீட்டு டெய்லர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினை நான் அணைத்தேனா என்பது எனக்கு நினைவில்லை.

அதே வேளையில்தான் அங்கே அவர் கை விரிந்து, மல்லாந்து, அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அசையவே இல்லை, ஆனால் மூச்சும் நாடியும் நன்றாக இருக்கின்றன என்றீர்கள். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியும், இன்னும் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று நீங்கள் பிடிவாதமாக இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன்.

ஆனால் அன்றிலிருந்து வீட்டில் நான் தனியாக இல்லை அக்கா. ஜன்னலோர நாற்காலியில் கை வைத்தால், இப்போதுதான் யாரோ எழுந்துபோன சூடு. சமையலறையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் செருமல். முதல் நாள் சந்தோஷத்தில் அழுதேன், ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் நாளிலிருந்து வேறு மாதிரி. காலடி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அலமாரிக் கதவு திறக்கிறது, மூடுகிறது. கட்டிலின் அந்தப் பக்கம் அமுங்குகிறது, உடனே எழுந்துவிடுகிறது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எதையோ வழியில் விட்டுவிட்டு வந்தவர் தேடுகிற மாதிரி தேடுகிறார். என்ன வேண்டும் என்று கேட்டேன். நாற்காலி என் பக்கம் திரும்பியது. அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் எதைத் தேடுகிறார் என்று உங்களுக்கு நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

நீங்கள் அங்கே ராப்பகலாக விழித்துத் துடைத்துக் காப்பது வீண் என்று சொல்லமாட்டேன். உங்கள் கை பட்டதால்தான் அந்த உடம்பு இன்னும் மூச்சு விடுகிறது. அதைப் பத்திரமாகப் போர்த்தி, அதிராமல், நல்ல வண்டியாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டேன். வாசற்கதவைத் தாழ் போடவில்லை. ஒரு மாதம் வேண்டாம் அக்கா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். அவர் களைத்துப்போயிருக்கிறார். சீக்கிரம் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி.