மஞ்சள் கொடியும் சிவப்புப் பொட்டும்

ராஜபாளையம்,
ஆடி வெள்ளி.

அன்புள்ள மச்சானுக்கு, ஈஸ்வரி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகளும் சுகம். வளைகுடா வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதி, கம்பெனி ஏஜென்ட் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஊர் வந்துவிட்டார்கள். கப்பலை உடைக்க விற்றாகிவிட்டது. கம்பெனி டிக்கெட்டும் போட்டுவிட்டது. ஆனால் கப்பல் மேலுள்ள வழக்கு முடிந்து அது கைமாறும்வரை கம்பெனிக் கொடியை இறக்கக் கூடாது, கடைசி ஆள்தான் அதைக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் மட்டும் அந்த ஓட்டைக் கப்பலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்த கோபத்தில் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, முதலாளியம்மா நாச்சியாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

சண்டை போடத்தான் போனேன். அவர் ஓர் அறையைத் திறந்து காட்டினார். அப்படியே நின்றுவிட்டேன், மச்சான். அலமாரி முழுக்க, ஓடி முடித்த கப்பல்களின் கொடிகள். வெயிலில் வெளுத்தது, உப்பில் இற்றது, ஓரம் நார்நாராய்க் கிழிந்தது. மம்சாபுரத்தில் பஞ்சு லாரி ஓட்டி, பிறகு இந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஒரு மனிதர் இத்தனை கடலைப் பார்த்திருக்கிறாரே என்று மெய்சிலிர்த்தது.

முதல் கொடியைக் காட்டிச் சிரித்தார். கம்பெனியைத் தொடங்கிய அவர் மாமனார் ஐயாதுரை, மங்களமாக இருக்கட்டும் என்று வெறும் மஞ்சள் துணியை ஏற்றிவிட்டாராம். கடலில் அதற்கு இன்னும் டாக்டர் சோதிக்கவில்லை என்று அர்த்தமாம். டாக்டர் பார்த்துப் போன பிறகும் கொடி இறங்காததால் கொழும்பில் ஒரு படகும் கிட்டே வரவில்லையாம். கப்பல் திரும்பியதும் நாச்சியாரின் மாமியார் நடுவில் சிவப்புத் துணியில் பெரிய பொட்டு வைத்துத் தைத்திருக்கிறார். அதுவே கம்பெனிக் கொடியாகிவிட்டது.

ஒரு தட்டு மட்டும் காலி. உங்கள் கப்பலுக்காக என்று நினைத்தேன். இல்லையாம். முன்பு புயலில் ஒரு கப்பல் பாறையில் ஏறியபோது, எல்லாரையும் படகில் இறக்கிவிட்டு, இருதயம் என்ற மாலுமி மட்டும் கப்பலை விட மனமில்லாமல் நின்றுவிட்டாராம். அவரும் வரவில்லை, கொடியும் வரவில்லை. அதன் பிறகுதான் இந்த வழக்கமே வந்ததாம். நாச்சியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கப்பல விட்டுட்டு வாடான்னா கடல்காரன் வரமாட்டான். கொடிய வீட்ல கொண்டாந்து குடுன்னா வருவான். அதுக்குத்தான் எங்க மாமா அப்படிச் சொன்னாவ. கொடிக்காக ஒருத்தன் அங்கயே உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா அவிய அழுதிருவாவ."

கடிதம் கண்டதும் கொடியை இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் இருதயத்தின் மனைவி யாரோ, எங்கே இருக்கிறாரோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆண்டாள் உங்களைக் காக்கட்டும். இறக்க மனம் வராவிட்டால் கொடி அங்கேயே பறக்கட்டும், மச்சான். நீங்கள் வந்துவிடுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
ஈஸ்வரி