வெள்ளிக் காசுக்கு ஒரு முகம்

புதன், இரவு.

இன்றைய பேப்பரில் நான் செத்துப்போயிருந்தேன்.

மொரப்பூரில் எக்ஸ்பிரஸ் நிற்பதற்காகப் பாடுபட்டு மறைந்த ஒருவரின் முகத்தை வெள்ளிக் காசில் பொறிக்கப் பயணிகள் சங்கம் முடிவெடுத்திருந்தது. தேர்வானவள் துணிக்கடை கைருன்னிசா. ஸ்டேஷனில் எடுத்த பழைய போட்டோவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிறோம். நிருபர் ஆளை மாற்றி, ‘மறைந்த சரோஜா’ என்று என் முகத்தைப் போட்டுவிட்டார். காலையிலேயே இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

மதியம் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

“பேப்பர்லயே வந்துடுச்சுங்கக்கா. ஊரே சந்தோஷப்படுது. காசுல உங்களயே போட்டுடலாங்க.”

“நான் செத்ததுக்கா சந்தோஷம்?”

“அய்யோ, காசு வர்றதுக்குங்க!”

ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நிருபரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, நாளைக்கே திருத்தம் போட்டுடுங்க. கைருன்னிசா படம் நல்லாப் பெருசா வரணும்.”

“சரிங்கக்கா” என்றார்.

அந்தப் போட்டோ இப்போது என் முன்னால் இருக்கிறது. நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பி, வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காசுக்கு அந்த முகம்தான்.