மலைச்சாலையில் விட்ட ஒன்பது கிலோமீட்டர்

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

ஆசிரியர் கூட்டம் முடிந்து வெளியே வர மணி ஐந்து. நான்காம் படிவத்துப் பதினாறு வயதுப் பிள்ளைகள் செப்டம்பர் விடுமுறையில் நான்கு நாள் தீவைச் சுற்றி நடக்க வேண்டுமாம். எழுபத்தைந்து கிலோமீட்டர். பொறுப்பாசிரியர்: பிரிஸில்லா, அதாவது நான். சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இது. ஏன் மறுக்கவில்லை? மறுக்கவும் தெம்பு வேண்டும்.

22 ஆகஸ்ட், வெள்ளி

பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதலில் பெயர் கொடுத்தவள் ஜெயலெட்சுமி. கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வருகிறவள். கனத்த உடம்பு, வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். குழுத் தலைவன் ஷஃபீக். விதிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் முழுத் தூரமும் நடந்தால்தான் நடை முடிந்தது என்று எழுதினார்கள். நடந்தவர்களுக்குப் பள்ளி தரும் சான்றிதழுக்கும் அதே நிபந்தனைதான். நோய் வந்தால் மட்டும் விலக்கு.

15 செப்டம்பர், திங்கள்

தெலுக் பஹாங் வரை வந்துவிட்டோம். இங்குள்ள ஒரு பள்ளி மண்டபத்தில் பாய். பாதம் எரிகிறது. எழுத முடியவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

பாலிக் புலாவ் போகும் மலைச்சாலை. ஏற்றத்தில் ஜெயலெட்சுமி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றாள். அவள் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் பின்தங்கிவிட்டோம், மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஷஃபீக் என்னைத் தனியே அழைத்து, அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி பின்னால் வரும் வேனில் ஏற்றிவிடலாமே, சான்றிதழும் போகாதே என்றான். நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். வலித்துக்கொண்டிருந்த என் முழங்கால்தான் அவன் பேச்சைக் கேட்டது.

எல்லார் முன்னாலும் சொன்னேன், ஜெயாவுக்கு உடம்பு சரியில்லை என்று.

“எனக்கு ஒண்ணும் இல்ல, டீச்சர். மெதுவாதான் நடக்கிறேன்.”

“ஏறும்மா. எல்லாருக்கும் லேட் ஆகுது.”

ஏறினாள். வேன் ஓட்டும் வேலு அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மீதி ஒன்பது கிலோமீட்டரை விறுவிறுவென்று முடித்தோம். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது — அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

17 செப்டம்பர், புதன்

காலையில் ஜெயாவின் அம்மா வந்து அவளை அழைத்துப் போய்விட்டார்.

19 செப்டம்பர், வெள்ளி

நேற்று நடை முடிந்தது. இன்று அறிக்கை எழுதினேன். ‘உடல்நலக் குறைவால் ஒரு மாணவி விலகினார்.’ ஒரே வரி. முதல்வர் பாராட்டினார்.

26 செப்டம்பர், வெள்ளி

பள்ளி திறந்து ஐந்து நாள். ஜெயலெட்சுமி வரவில்லை. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

27 செப்டம்பர், சனி

ஃபெரி ஏறி பாகான் டாலாம் போனேன். வரவேற்க அவள் எழுந்திருக்கவில்லை. அவள் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னித்துக்கொள் என்றேன்.

“வீட்டுக்குப் பின்னால ஒரு மாசம் தினம் நடந்து பழகினேன், டீச்சர். ராத்திரி ஆனாலும் அந்த மலைய முடிச்சிருப்பேன். நோயாளின்னு எழுதிட்டீங்க.”

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“நோய் இல்லன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

திரும்பும்போது ஃபெரியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். எழுதினால் மற்றப் பதினொரு பேருக்கும் சான்றிதழ் போய்விடும். அவர்களும் பிள்ளைகள்தானே. ஆனால் எழுதாவிட்டால்?

29 செப்டம்பர், திங்கள்

முதலில் பிள்ளைகளிடம் சொன்னேன். அவளுக்கு நோய் இல்லை. நான்தான் பொய் சொன்னேன். ஃபாத்தின் அழுதாள், கல்லூரி விண்ணப்பத்துக்கு அந்தச் சான்றிதழை நம்பியிருந்தாளாம். யோசனை என்னுடையது என்று ஷஃபீக் எழுந்து சொன்னான். சொன்னது நீ, செய்தது நான், உட்கார் என்றேன்.

பிறகு முதல்வர் அறை. அறிக்கையை மாற்றிக் கொடுத்தேன். இனி வெளிநடவடிக்கை எதற்கும் என்னைப் பொறுப்பாகப் போடமாட்டாராம். விளக்கக் கடிதமும் கேட்டிருக்கிறார்.

1 அக்டோபர், புதன்

ஜெயலெட்சுமி பள்ளிக்கு வந்தாள். ஷஃபீக் இடைவேளை முழுவதும் அவள் மேசைப் பக்கம் நின்று பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

6 அக்டோபர், திங்கள்

சனிக்கிழமை பிள்ளைகள் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை மறுபடி நடக்கிறார்களாம். சான்றிதழ் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். பொறுப்புக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். ஷஃபீக்கின் அப்பா வருகிறார். நானும் வரலாமா என்று ஜெயாவிடம் கேட்டேன். “உங்க இஷ்டம், டீச்சர்” என்றாள்.

11 அக்டோபர், சனி

பத்துப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஃபாத்தின் வந்திருந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஏழரை மணி நேரம் ஆனது. ஏற்றத்தில் எத்தனை முறை நின்றோம் என்று எண்ணவில்லை. கடைசி வளைவில் எல்லாருக்கும் பின்னால் நான்தான்.

பாலிக் புலாவில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஜெயலெட்சுமி இரண்டு கிண்ணம். ஷஃபீக்கின் அப்பா எதையோ சொல்ல, வாய் விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன்.

பேருந்தில் ஃபாத்தின் ஜெயாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் முன்னால், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் தனியாக. காலைத் தேய்த்துக்கொண்டே கொம்தார் நிலையம் வரை வந்தேன்.